ஹால் டிக்கெட்டில் மஞ்சள்

நான் வேலை பார்ப்பது ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பாசிரியையும் நான்தான். பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, எங்கள் பள்ளியில் ஒரு பூஜை நடக்கும். கூடத்தில் பெரிய மேசையைப் போட்டு, சரஸ்வதி படம் வைத்து, அதன் முன்னால் பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுகளை அடுக்கி, சூடம் காட்டுவோம். பிறகு பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக வரச் சொல்லி, நெற்றியில் திருநீறு வைத்து, ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுப்போம்.

அரசுப் பள்ளிக்குள் இப்படிச் செய்யக்கூடாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. கேட்காததால் அது வழக்கம் என்று ஆகியிருந்தது. எங்கள் தமிழம்மா மட்டும் வருடா வருடம் ஒரே கேலியைச் சொல்வார்: "சரஸ்வதியே பாஸாக்கி விட்டுருவான்னா நாம எதுக்கு? சம்பளத்த அவளுக்கே குடுத்திரலாமே." சொல்லிவிட்டு அவரே பூவைக் கிள்ளிப் போடுவார்.

பள்ளிக்கு வந்த முதல் ஆண்டிலேயே அந்தப் பூஜையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் கேட்டேன் என்பதைச் சொன்னால்தான் பிறகு நான் செய்தது என்னவென்று விளங்கும்.

எங்கள் வீடு தச்சநல்லூரில். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார், அம்மா பீடி சுற்றினாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டு வயதில் எங்கள் தெருவுக்கு வரும் கடுதாசி, கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். பெரிய ஆண்கள் என் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

பெரிய கோவிலுக்கு நாங்கள் எப்போதாவதுதான் போவோம். எங்களுக்கு முன்னால் நிற்பவர்களின் கையில் அர்ச்சகர் திருநீற்றை வைப்பார். எங்கள் முறை வரும்போது அவர் கை ஒரு சாண் உயர்ந்துவிடும். மேலே இருந்து போடுவார். பாதி உள்ளங்கையில் விழும், பாதி தரையில் விழும். அம்மா தரையில் விழுந்ததையும் விரலால் ஒற்றி எடுத்துக்கொள்வாள்.

நான் பத்தாம் வகுப்பு படித்த அரசுப் பள்ளியிலும் ஹால் டிக்கெட்டுக்குப் பூஜை போட்டார்கள். எங்கள் கணக்கு டீச்சர் ஆற்றங்கரைத் தெருவில் இருந்து வருபவர். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தது அப்பா காலத்துக்குப் பிறகுதான். அந்த டீச்சர் மோதிர விரலால் என் நெற்றியில் திருநீற்றை இழுத்து, கண்ணில் விழாமல் இருக்க இன்னொரு கையால் என் புருவத்துக்குக் கீழே மறைத்துக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் நான் முகம் கழுவவில்லை.

"என்னளா, மூஞ்சியக் கழுவாம இருக்க?" என்றாள் அம்மா.

"டீச்சர் வச்சது."

அம்மா பீடித் தட்டை மடியில் இருந்து இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து என் நெற்றியைப் பார்த்தாள். "தொட்டா வச்சாவ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஆசிரியை ஆனேன் என்றுகூடச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் தொட்டு வைக்கிறார்கள். கோவிலில் கிடைக்காதது அரசாங்கக் கட்டடத்தில் கிடைக்கிறது. இதைவிட நல்லது ஒன்று இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் நெற்றியிலும் என் விரல் பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நான் வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு, என் வகுப்பில் ஒரு முஸ்லிம் பெண் படித்தாள். அவள் வாப்பா சவுதியில் வண்டி ஓட்டினார். உம்மா பீடி சுற்றினார். அந்த வீட்டில் பத்தாம் வகுப்புக்கு வந்த முதல் பெண்பிள்ளை அவள். எட்டாவதோடு போதும் என்று அவளுடைய தாய்மாமா சொல்லியிருக்கிறார். வாப்பா ஊரில் இல்லாததால் மாமா சொல்வதுதான் அந்த வீட்டில் நடக்கும். உம்மா சண்டை போட்டுத்தான் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார். இதை எல்லாம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது உம்மாவே என்னிடம் சொன்னார். "ஒரு சொல்லு வந்துரக் கூடாது டீச்சர். வந்துட்டா எங்க அண்ணன் நிப்பாட்டிருவாவ. பரீட்சையக் கூட எழுத விடமாட்டாவ" என்றார். அவர் விரல்களில் என் அம்மாவின் விரல்களில் இருந்த அதே மஞ்சள் கறை, அதே வாடை. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம். என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அதுதான் வினை.

நன்றாகப் படிப்பாள். அடிப்படை உரிமைகள் பாடத்தில் வைத்த தேர்வில், முழுக்க முழுக்க அரசின் நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்பதையும், எந்தச் சமய வழிபாட்டுக்கும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையும் அழகாக எழுதியிருந்தாள். நான் ஓரத்தில் சிவப்பு மையால் 'நன்று' என்று போட்டேன்.

அந்த ஆண்டு பூஜைக்கு நான் புதிதாக ஒன்று சேர்த்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல, மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு ஹால் டிக்கெட்டின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். வலப்பக்க மூலையில் பிள்ளையின் படம் இருக்கும், அதற்குக் கீழே தேர்வு எண். பார்க்க மங்களமாக இருந்தது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார்.

வகுப்பில் மூன்று முஸ்லிம் பிள்ளைகள். பையன்கள் இருவரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போக வேண்டும் என்று பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டார்கள். வழக்கமாகப் போகிறவர்கள்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்பிள்ளைக்கு அப்படிப் போவதற்கு ஓர் இடம் இல்லை. அவள் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். கிறிஸ்தவப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து நெற்றியைக் காட்டிவிட்டு, வாசல் தாண்டியதும் புறங்கையால் துடைத்துக்கொண்டார்கள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். தலையில் துப்பட்டா, நெற்றியில் பாதி வரை.

"டீச்சர், எனக்குக் கையில தாங்க" என்றாள். பைய, எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள். உள்ளங்கையை நீட்டினாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் இடத்தை அவள் கண்டுபிடித்திருந்தாள். வாங்கிக்கொள்வாள், வெளியே போய்ச் செடிக்குக் கீழே தட்டிவிடுவாள், யாருக்கும் மனத்தாங்கல் வராது. பதினைந்து வயதுப் பிள்ளை அவ்வளவு யோசித்திருக்கிறாள். எனக்கு அது தெரியவில்லை. கையில் என்ற சொல்தான் காதில் விழுந்தது. கையில் போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"கையில போடுத வழக்கமெல்லாம் இங்கன கிடையாது. இங்க எல்லாரும் ஒண்ணுதான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நல்ல வார்த்தை சொல்கிறேன் என்ற நினைப்பில் சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்து அண்ணாச்சி, "அப்படிச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

என் இடது கையில் அவளுடைய ஹால் டிக்கெட் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அதைப் பார்த்தாள். நான் அதை நீட்டவில்லை. இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீட்டவும் இல்லை. அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த தாளை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கையை இறக்கினாள். நான் துப்பட்டாவை ஒரு விரலால் ஒதுக்கி, நெற்றியில் திருநீற்றை இழுத்தேன். கண்ணில் விழாமல் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டேன். அவ்வளவு பிரியமாகச் செய்தேன். பிறகு ஹால் டிக்கெட்டைக் கொடுத்தேன். "தேங்க்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கள்கிழமை காலை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நோட்டுக்குள் இருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். மஞ்சள் படத்தின் மேல் பரவியிருந்தது. தேர்வு எண்ணில் இரண்டு இலக்கங்கள் மையாகக் கரைந்து போயிருந்தன.

"ஈரத் துணியால துடைச்சேன் டீச்சர். போகும்னு நினைச்சேன்."

"எதுக்குத் துடைச்ச?"

ஹால் டிக்கெட்டைத் திரும்ப நோட்டுக்குள் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை மாமா வந்தாவ. ஹால் டிக்கெட்டக் காட்டுன்னு சொல்லுவாவ. நாலு மூலையிலயும் மஞ்சளும் குங்குமமும் இருந்தா என்ன ஏதுன்னு கேப்பாவ. நெத்தியிலயும் வச்சாங்கன்னு தெரிஞ்சா அவ்வளவுதான் டீச்சர்."

"காட்டுனியா?"

"காயப் போட்டிருக்கேன், நாளைக்குக் காட்டுதேன்னு உம்மாட்ட சொல்லிட்டேன். தண்ணி கொட்டிட்டுன்னு சொன்னேன்."

தொழுகைக்குப் போன பையன்களுடைய ஹால் டிக்கெட்டிலும் மஞ்சள் இருந்தது. அவர்கள் திங்கள்கிழமை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நெற்றியில் ஒன்றும் வைக்கவில்லை, வானம் இடிந்து விழவும் இல்லை. அவர்கள் வீட்டில் யாரும் மூலையைத் திருப்பிப் பார்க்கப்போவதும் இல்லை.

அவளைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தது, எதுவும் ஆகாமல் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கவலை. தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னளா இது, ஹால் டிக்கெட்டா, பிரியாணிக்கடைத் துண்டா? வியாழக்கிழமை பரீட்சைய வச்சுக்கிட்டு இப்படியா கொண்டு வருவ?"

அவள் தலை குனிந்து நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். மஞ்சள் நான் வைத்தது என்று அவருக்குத் தெரியும். அவர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதுதான். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"வேற ஒண்ணு எடுத்துத் தாரேன். எனக்கு ஃபைலுக்கு ஒரு லெட்டர் வேணும். எப்படிப் பாழாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வா" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்து தாளில் பெறுநர் வரை எழுதியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், மஞ்சள்னு எழுதவா, தண்ணின்னு எழுதவா?"

அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. பரீட்சையில் எந்தக் கேள்வியை முதலில் எழுதட்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். மஞ்சள் என்று எழுதினால் யார் வைத்தார்கள் என்ற கேள்வி வரும், எதற்கு வைத்தார்கள் என்று வரும், அரசுப் பள்ளியில் பூஜை போட்டது யார் என்று வரும். கோப்பு மேலிடத்துக்குப் போனால் என் பெயர் அதில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அரசுச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் எனக்குத் தோன்றிவிட்டது.

"தண்ணின்னே எழுது" என்றேன். "என் கவனக்குறைவால்னு சேத்துக்க."

எழுதினாள். என் கவனக்குறைவால் ஹால் டிக்கெட்டில் தண்ணீர் பட்டுவிட்டது, மன்னிக்க வேண்டுகிறேன் என்று வரிசை கோணாமல் எழுதி, கையெழுத்துப் போட்டாள். வகுப்பாசிரியை என்ற முறையில் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பத்தாம் வகுப்பைத் தனியாக நிற்க வைத்துப் பேசினார். ஹால் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று சொன்னார். "நம்ம பள்ளியிலயே ஒரு பிள்ள தண்ணியக் கொட்டிட்டு வந்து நிக்குது. அப்படி இருக்கக் கூடாது" என்றார். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். நான் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நின்று பிள்ளைகளின் வரிசையைச் சரி செய்தேன்.

அவள் தேர்வு எழுதினாள். மாமா புது ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். சமூக அறிவியலில் பள்ளியிலேயே அவள்தான் முதல் மதிப்பெண். மதிப்பெண் சான்றிதழ் வாங்க உம்மாவோடு வந்திருந்தாள். உம்மா எனக்கு ஒரு டப்பாப் பேரீச்சம்பழம் கொண்டு வந்திருந்தார்.

"நீங்க மட்டும் வேற டிக்கெட்டு எடுத்துக் குடுக்கலன்னா எங்க அண்ணன் இதான் சாக்குன்னு நிப்பாட்டியிருப்பாவ. தண்ணியக் கொட்டிட்டு வந்து நிக்கா பாருங்க, கவனமே கிடையாது இவளுக்கு" என்று மகளின் தோளில் தட்டினார். "இப்ப பதினொண்ணும் படிக்கட்டும்னு வாப்பாவே போன்ல சொல்லிட்டாவ. உங்க துஆ டீச்சர்."

நான் அந்தப் பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டேன்.

உம்மா கையெழுத்துப் போட அலுவலகத்துக்குள் போனபோது அவளிடம் சொன்னேன். "நான் ஹெச்.எம். சார்ட்ட உண்மையச் சொல்லிருதேன். எழுதிக் குடுத்திருதேன். அந்த லெட்டர் அங்க இருக்கது எனக்கு மனசு ஒப்பல."

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "வேண்டாம் டீச்சர். நீங்க எழுதினா நான் பொய் எழுதினேன்னுல ஆகும். கீழ என் கையெழுத்து இருக்கு. உம்மாவுக்கும் தெரிஞ்சிரும்."

என் மனப் பாரத்தை இறக்கி வைக்கக்கூட அந்தப் பிள்ளையைத்தான் நான் மறுபடியும் குனியச் சொல்ல வேண்டியிருந்தது. சரி என்றேன். அவள் பள்ளி மாறிப் போய்விட்டாள். கடிதம் கோப்பில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு முழுவதும் ஒரே வாக்கியத்தை எனக்குள் சொல்லிப் பழகினேன். சார், இந்த வருஷம் பூஜை வேண்டாம், ஹால் டிக்கெட்டை வகுப்பறையிலேயே கொடுத்துவிடுவோம். பேருந்தில் சொல்லிப் பார்ப்பேன், பாத்திரம் விளக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். விதி என் பக்கம், பாடப்புத்தகம் என் பக்கம். புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே சமயச்சார்பற்ற என்று அச்சடித்திருக்கிறது.

அந்த நாள் வந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் இருக்கும்போது தலைமையாசிரியர் வந்து, "இந்த வெள்ளிக்கிழமை வச்சிருவோம் டீச்சர். படத்துக்கு மாலை சொல்லியாச்சு" என்றார்.

"சார், எனக்கு முடியாது சார்."

"ஏன், லீவா?"

"லீவு இல்ல சார். வந்து... பூஜையில நிக்க முடியாது."

ஒரு வருடம் சொல்லிப் பழகிய வாக்கியத்தில் அவ்வளவுதான் வந்தது. அதற்குள் தமிழம்மா, "விடுங்க சார், பொம்பளைகளுக்கு ஆயிரம் இருக்கும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். தலைமையாசிரியர் சட்டென்று கையில் இருந்த காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மற்ற ஆண்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்ல நான் வாயெடுக்கவும் இல்லை. வீட்டுக்குத் தூரமான பெண் சாமியிடம் போகக்கூடாது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது. அம்மாவோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அந்த மடமைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. வெளியே வந்த பிள்ளைகளில் சிலர் படியிறங்கும்போதே நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

திங்கள்கிழமை மீள்பார்வை வகுப்பு. அடிப்படை உரிமைகளில் வரக்கூடிய கேள்விகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பிள்ளை எழுந்தாள். எதையும் கேட்டுத் தெளியாமல் விடாதவள்.

"டீச்சர், சமய வழிபாட்டுக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு எழுதினா மார்க்கு உண்டா?"

"ஏன் இல்லாம?"

"இல்ல, வெள்ளிக்கிழமை நம்ம கூடத்துல நடந்ததுக்கும் இதுக்கும் ஒத்துப் போவலையே."

பின்பெஞ்சில் இருந்து ஒருவன், "ஏளா, டீச்சர்தான் அன்னைக்கு உள்ளயே வரலியே" என்றான். பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆசிரியர் அறையில் பேசியது அதற்குள் அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்தச் சிரிப்புக்குத்தான் வாய் திறந்தேன். "நான் வெளிய நின்னதுக்கு நீங்க நினைக்கிற காரணம் இல்ல. எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. இந்தப் பூஜை இங்க போடக்கூடாது. அதனாலதான் வரல" என்றேன்.

முதல் பெஞ்சுப் பிள்ளை இன்னும் உட்காரவில்லை.

"அத ஹெச்.எம். சார்ட்ட சொன்னியளா டீச்சர்?"

"இல்ல."

"எனக்கும் வேண்டாம்னுதான் இருந்துச்சு" என்றாள். கோபம் இல்லை, வழக்கமாகச் சந்தேகம் கேட்கும் குரல்தான். "நீங்களே சொல்லலன்னா நாங்க எப்படி டீச்சர் சொல்ல?"

நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன. என்னிடம் எதையோ எதிர்பார்க்கிற முகங்கள். நான் புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பினேன்.

"உக்காரு" என்றேன்.

சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்வதை எல்லாம் கேட்கிற பிள்ளைகள் அவர்கள்.